12 வால்வு கம்மின்ஸில் டீசல் பம்ப்பைத் தொட்டுச் சக்தி கூட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் இருப்பது 1997 டாட்ஜ் ராம் 2500, ஐந்து கியர் மேனுவல். கொலராடோவில் டென்வர் பக்கம் இருக்கிறேன், வார இறுதியில் டிரெய்லரைக் கட்டிக்கொண்டு மலை ஏறுகிற வேலைதான் அந்த வண்டிக்கு. அதே எஞ்சின் போட்ட பழைய பிக்கப் வாங்கும் நம்மாட்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எந்த எஞ்சின், எந்தப் பம்ப்பைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

கம்மின்ஸ் 6பிடி, 5.9 லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர், மொத்தம் 12 வால்வு. டாட்ஜ் பிக்கப்பில் இந்த எஞ்சின் 1989 மாடலில் வந்தது. அப்போது அதில் இருந்தது பாஷ் விஇ என்கிற சின்ன ரோட்டரி பம்ப், 160 குதிரைத்திறன். 1994 மாடலிலிருந்து 1998 தொடக்கம் வரை பாஷ் பி7100 என்கிற இன்லைன் பம்ப் வந்தது. "பி பம்ப்" என்று சொல்வது இதைத்தான். 1996-லிருந்து ஆட்டோமேட்டிக் வண்டிக்கு 180, மேனுவலுக்கு 215 குதிரைத்திறன். பழைய வண்டி தேடுகிறவர்கள் 215 பம்ப் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பதற்குக் காரணம் இதுதான்.

இந்தப் பம்ப்பில் அப்படி என்ன விசேஷம்?

உள்ளே கம்ப்யூட்டர் எதுவும் இல்லை, எல்லாமே இரும்பு. ஆறு சிலிண்டருக்கு டீசலை அழுத்தித் தள்ளும் ஆறு பிளஞ்சர், ஒவ்வொன்றும் 12 மி.மீ. விட்டம். கேம் தள்ளுகிற தூரம் எப்போதும் ஒன்றுதான், பிளஞ்சர் மேலே போய்க் கீழே வருவது மாறாது. மாறுவது பிளஞ்சர் எந்தக் கோணத்தில் திரும்பி நிற்கிறது என்பது. அதன் உடம்பில் சாய்வாக ஒரு வெட்டு இருக்கும். ரேக் என்கிற நீளமான கம்பி ஆறு பிளஞ்சரையும் ஒன்றாகத் திருப்ப, அந்த வெட்டு பக்கத்துத் துளையைச் சீக்கிரம் எட்டினால் டீசல் குறைவு, தாமதமாக எட்டினால் டீசல் அதிகம். ஆக, ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது உண்மையில் நடப்பது ரேக் நகர்வதுதான். சக்தி கூட்டுவதற்காக இந்தப் பம்ப்பில் செய்கிற வேலையில் பெரும்பகுதி ரேக்கை இன்னும் கொஞ்சம் தூரம் போக விடுவது, அல்லது அதை இன்னும் சீக்கிரம் போக விடுவது. இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் கீழே வருகிற எல்லாமே சுலபமாகப் புரியும்.

இன்னொன்று, இதன் உள்பாகங்களுக்கு எஞ்சின் ஆயிலே போகிறது. டீசலை மட்டும் நம்பி மசகு வாங்குகிற ரோட்டரி பம்ப்புகளைவிட நீண்ட நாள் உழைப்பதற்கு இது பெரிய காரணம்.

பம்ப்பில் கை வைக்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

இந்தக் கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை, ஆனால் எனக்கு இதுதான் முக்கியம். "சக்தி போதவில்லை" என்று வருகிற பாதி வண்டிகளில் பம்ப்பில் குறையே இருக்காது.

முதலில் ஆக்சிலேட்டர் லிங்கேஜ். ஒருவரை உள்ளே உட்காரவைத்து முழுதாக மிதிக்கச் சொல்லுங்கள், நீங்கள் பானட்டைத் திறந்து பம்ப்பின் லீவர் கடைசி ஸ்க்ரூவைத் தொடுகிறதா என்று பாருங்கள். தொடவில்லை என்றால் காசு செலவில்லாமல் ஒரு பங்கு சக்தி அங்கேயே திரும்பி வரும்.

அடுத்தது டீசல் சப்ளை. கேம் ஷாஃப்ட்டால் ஓடும் லிஃப்ட் பம்ப்தான் பி7100-க்கு டீசலைத் தள்ளுகிறது. அழுத்தம் 25-லிருந்து 35 பி.எஸ்.ஐ.க்குள் இருக்க வேண்டும். அழுத்தத்தைப் பிடித்து வைப்பது பம்ப்பின் பக்கத்தில் இருக்கும் ஓவர்ஃப்ளோ வால்வு. அதற்குள் இருக்கிற ஸ்பிரிங் வருஷக்கணக்கில் தளர்ந்து, டீசல் திரும்பி டேங்குக்கே ஓடிவிடும். பாரம் ஏற்றி மேடு ஏறும்போது வண்டி மூச்சு வாங்கும், ஆள் பம்ப்பைக் குறை சொல்வார். எஞ்சினுக்குப் பின்புறம் கை நுழையாத இடத்தில் ஓடுகிற ரப்பர் ஹோஸ்களையும் பாருங்கள், அவை வெடித்து ஏர் பிடிப்பது இந்த வண்டியில் சர்வ சாதாரணம்.

மூன்றாவது, கேஜ்கள். டீசல் அழுத்தம், டர்போ பூஸ்ட் (டர்போ தள்ளுகிற காற்றின் அழுத்தம்), புகைச்சூடு மூன்றுக்கும் கேஜ் மாட்டாமல் ஒரு ஸ்க்ரூகூடத் திருப்பாதீர்கள். புகைச்சூட்டை அளக்கும் முனை டர்போவுக்கு முன்னால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் இருக்க வேண்டும். டர்போவுக்குப் பிறகு வைத்தால் பாரத்தில் 200, 300 டிகிரி ஃபாரன்ஹீட் குறைத்துக் காட்டும்.

அப்புறம் அந்த டவல் பின். முன்பக்க கியர் கேஸில் ஒரு சின்ன எஃகு ஊசி இருக்கிறது, ஓட ஓட அதிர்ந்து வெளியே வந்து கியர்களுக்கு நடுவில் விழுந்தால் கேஸ் உடையும், எஞ்சினே போனாலும் போகும். அமெரிக்கர்கள் இதைக் கொலைகார ஊசி என்றே அழைக்கிறார்கள். ஒரு சின்னத் தகட்டை வைத்து போல்ட் போட்டு அடைத்துவிட்டால் கவலை தீர்ந்தது. முன்பக்கக் கவரைத் திறக்கிற அன்றைக்கே செய்துவிடுங்கள்.

சரி, எல்லாம் பார்த்தாயிற்று. முதலில் எதைத் திருப்புவது?

ஏ.எஃப்.சி.யை. அது பம்ப்பின் பின்பக்கம் மேலே இருக்கிற பெட்டி. டர்போவிலிருந்து ஒரு சின்னக் குழாய் அதற்கு வரும். டர்போ காற்றைத் தள்ள ஆரம்பிக்கும் வரை ரேக்கை முழுதாக நகரவிடாமல் பிடித்து வைப்பதுதான் இதன் வேலை. காற்று இல்லாமல் டீசல் மட்டும் போனால் கரும்புகைதான் வரும் என்பதால் தொழிற்சாலையில் கொஞ்சம் கடுமையாகவே வைத்திருப்பார்கள்.

மேலே இருக்கிற சின்ன மூடியைத் திறந்தால் பல் போட்ட நட்சத்திரச் சக்கரம் தெரியும். அது ஸ்பிரிங்கின் இறுக்கம், அதாவது எவ்வளவு பூஸ்டுக்கு எவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுப்பது என்பது. பூஸ்ட் வருமுன் எவ்வளவு டீசல் என்பதற்கு வேறொரு ஸ்க்ரூ. அந்தப் பெட்டியையே முன்னால் நகர்த்தினால் எல்லாமே கூடும். பெட்டியைப் பிடிக்கும் போல்ட்களில் தலை முறிந்துபோகும் வகையும் இருக்கும். யாரும் தொடக்கூடாது என்று தொழிற்சாலை போட்ட பூட்டு அது. அதை எடுக்கத் தனியாக நேரம் ஒதுக்குங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதும் பாரத்தோடு ஓட்டிப் பார்த்து, கேஜில் கண்டதை ஒரு நோட்டில் எழுதுங்கள். மூன்றையும் ஒரே நாளில் திருப்பிவிட்டு "எதனால் புகைகிறது" என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது.

ஃப்யூல் பிளேட்டைக் கழற்றிவிடலாம் என்கிறார்களே?

ஏ.எஃப்.சி. பெட்டிக்கு அடியில் இரண்டு போல்ட்டில் நிற்கிற சின்னத் தகடு அது. எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் லீவர் இந்தத் தகட்டின் விளிம்பில் உரசித்தான் நிற்கும், ஆகவே எந்த ஆர்.பி.எம்.மில் அதிகபட்சம் எவ்வளவு டீசல் என்பதைத் தகட்டின் வளைவே தீர்மானிக்கிறது. தகட்டை முன்னால் தள்ளினால் டீசல் கூடும். வேறு வளைவு கொண்ட தகடும் கடைகளில் கிடைக்கிறது, அரத்தால் தேய்த்துக்கொள்கிறவர்களும் உண்டு.

முழுதாகக் கழற்றினால் பந்தயத்தில் கால் மைல் ஓட நன்றாயிருக்கும். டிரெய்லர் இழுக்கிற வண்டியில் கழற்றாதீர்கள். மேட்டில் காலை ஊன்றி பத்து நிமிஷம் ஏறும்போது சூட்டுக்கு ஒரு எல்லை வேண்டும், அந்த எல்லையை உங்கள் காலால் வைக்க முடியாது, தகடுதான் வைக்கும். என் வண்டியில் பழைய தகடே கொஞ்சம் முன்னால் தள்ளி நிற்கிறது, அதுவே போதும்.

கவர்னர் ஸ்பிரிங் மாற்றினால் எவ்வளவு கூடும்?

உச்சச் சக்தியைவிட ஓட்டுகிற சுகம்தான் கூடும். தொழிற்சாலை ஸ்பிரிங் 2,500 ஆர்.பி.எம்.மைத் தாண்டியதும் டீசலைக் குறைக்க ஆரம்பிக்கும், அந்த இடத்தில் வண்டி படுத்துவிட்ட மாதிரி இருக்கும். 3,000 ஸ்பிரிங் போட்டால் அந்த இடைவெளி நிரம்பும், கியர் மாற்றும்போது இழுவை அறுபடாது. 4,000 ஸ்பிரிங்கும் விற்கிறது. அதைப் போடுவதென்றால் வால்வு ஸ்பிரிங்குகளையும் கடினமானதாக மாற்றியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் வேகத்தில் வால்வு மூடாமல் மிதந்து பிஸ்டனைத் தொடும் ஆபத்து இருக்கிறது.

உள்ளே இரண்டு பக்கமும் ஸ்பிரிங் கூட்டம் இருக்கும், நட்டைத் திருப்பும்போது 'கிளிக்' என்று கேட்கும். இரண்டு பக்கமும் கிளிக் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். வேலை செய்யும்போது கீழே துணி அடைத்து வையுங்கள், ஒரு வாஷர் கவர்னருக்குள் விழுந்தால் பம்ப்பைக் கழற்றியே எடுக்க வேண்டிவரும்.

டைமிங்கை ஏற்றுவது அவசியமா? எவ்வளவு?

டீசலைக் கூட்டினால் அது எரிந்து முடிய நேரம் வேண்டும், அதனால் டீசல் பீச்சுவதைக் கொஞ்சம் முன்கூட்டியே ஆரம்பிக்க வேண்டும், அந்த நேரம்தான் டைமிங். தொழிற்சாலை வைப்பது பிஸ்டன் உச்சத்துக்கு வருமுன் 12-லிருந்து 14 டிகிரிக்குள். ஏற்றினால் புகைச்சூடு குறையும், மேல் வேகத்தில் நன்றாக இழுக்கும், புகையும் தெளியும். பதிலுக்கு சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும், அதைத் தாங்குவது ஹெட் கேஸ்கெட். ரொம்ப ஏற்றினால் குளிர்காலக் காலையில் ஸ்டார்ட் ஆக முரண்டு பிடிக்கும், அடி வேகத்தில் இழுவையும் குறையும். பாரம் இழுக்கிற வண்டிக்கு 15, 16 என்பதுதான் என் கணக்கு. 18 வைக்கிறவர்கள் ஹெட் போல்ட்டுக்குப் பதில் ஸ்டட் போட்டுக்கொண்டு வைக்கட்டும்.

இந்த வேலையில் ஆளைக் கவிழ்க்கும் இடம் ஒன்று இருக்கிறது. பம்ப்பின் கியர் ஷாஃப்ட்டில் உட்காருவது சாய்வான கூம்பில், கியரை ஷாஃப்ட்டோடு பூட்டும் சாவி கிடையாது. வெறும் உராய்வுதான் பிடிக்கிறது. கியரின் உட்புறமும் ஷாஃப்ட்டின் முனையும் ஒரு சொட்டு ஆயில் இல்லாமல் உலர்ந்திருக்க வேண்டும், நட்டை 195 நியூட்டன் மீட்டர் முறுக்கில் இறுக்க வேண்டும். எனக்கு முதல் தடவை ஒரு கடையில் செய்து கொடுத்தார்கள். மூன்று வாரம் கழித்து நெடுஞ்சாலையில் திடீரென்று வெள்ளைப் புகை, சத்தம் மாறிவிட்டது, இழுவையே இல்லை. கியர் நழுவி டைமிங் பின்னால் போயிருந்தது. திறந்து பார்த்தபோது கூம்பில் ஆயில் படலம் அப்படியே இருந்தது. இரண்டாவது தடவை நானே செய்தேன், பிரேக் கிளீனர் ஊற்றி மூன்று முறை துடைத்தேன், ஐந்து வருஷமாக நகரவில்லை. கடையில் செய்தாலும் பக்கத்தில் நின்று இந்தத் துடைப்பதை மட்டும் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எஞ்சினை முதல் சிலிண்டரின் உச்சத்தில் நிறுத்த கியர் கேஸுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பின் இருக்கிறது. நிலையைக் கண்டுபிடிக்க மட்டும்தான் அது. அதைச் செருகியபடியே நட்டை இறுக்கினால் முறிந்துபோகும். பம்ப்பின் பக்கத்தில் இருக்கிற பூட்டுப் பின்னுக்கும் இதே விதிதான்.

டெலிவரி வால்வு மாற்றலாமா?

பம்ப்பிலிருந்து ஒவ்வொரு இன்ஜெக்டர் லைனுக்கும் டீசல் வெளியேறும் இடத்தில் இருக்கிற வால்வு அது. கடைசியில் பாருங்கள். ஏ.எஃப்.சி., தகடு, டைமிங், இன்ஜெக்டர் நாசில் (சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் முனை) எல்லாம் முடிந்தபின் இன்னும் டீசல் தேவைப்படுகிற வண்டிக்குத்தான் அது. ஓ-ரிங் சரியாக உட்காராமல் ஒழுகினால் பம்ப் முழுக்க டீசலாகும்.

13 மி.மீ. பிளஞ்சர் போட்ட பெரிய பம்ப் வாங்கினால் ஒரேயடியாக முடிந்துவிடுமே?

வேண்டாம் என்பேன். சாதாரண 12 மி.மீ. பம்ப்பே நல்ல நாசிலும் டர்போவும் சேர்ந்தால் 500 குதிரைத்திறனைத் தாண்டும். ரேக் 19 மி.மீ. போகும், அதற்கான அடைப்பானை மாற்றினால் 21 வரை போக விடலாம். தெருவில் ஓடுகிற வண்டி இந்த அளவையே முழுதாகப் பயன்படுத்துவதில்லை. 13 மி.மீ. பம்ப் டிராக்டர் இழுவைப் போட்டிக்காரர்களுக்கு. அன்றாடம் ஓட்டினால் கீழ் வேகத்தில் டீசல் அளவு கட்டுக்குள் நிற்காது.

அந்தக் காசில் இருக்கிற பம்ப்பைக் கழற்றி நல்ல டெஸ்ட் பெஞ்சில் கேலிபரேஷன் செய்து வாங்குங்கள். ஆறு பிளஞ்சரும் ஒரே அளவு டீசல் விடவேண்டும். 25 வருஷம் ஓடிய பம்ப்பில் ஒரு சிலிண்டருக்கு அதிகமும் இன்னொன்றுக்குக் குறைவும் போய்க்கொண்டிருக்கும். அதிகம் வாங்குகிற அந்த ஒரு சிலிண்டரின் பிஸ்டன்தான் முதலில் உருகும், கேஜில் தெரிவதோ ஆறுக்கும் சேர்ந்த சூடு. நம் ஊரில் டீசல் பம்ப் சர்வீஸ் கடைகளில் கண்ணாடிக் குழாய்களை வரிசையாக வைத்து அளந்து பார்ப்பார்களே, அதே வேலை. ஆறையும் சமன் செய்த பின் என் வண்டி ஐடிலில் நின்றபோது ஸ்டீயரிங் நடுங்கவில்லை. அந்த வித்தியாசத்தைக் கேட்டவர்களுக்கு எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

புகைச்சூடு எவ்வளவு வரை போகலாம்?

தொடர்ந்து ஏறும்போது 1,250 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 675 செல்சியஸ். சில விநாடிகள் மேலே போய் இறங்கினால் பாதகமில்லை. பிஸ்டன் அலுமினியம், தொடர்ந்து சுட்டால் அதன் தலை பள்ளமாகிவிடும்.

டென்வரிலிருந்து ஐ-70 சாலையில் மேற்கே போனால் ஐசன்ஹவர் சுரங்கப்பாதை வரும், கடல் மட்டத்திலிருந்து 11,000 அடிக்கு மேல். அங்கே காற்றே மெலிந்துவிடும், பம்ப் போடுகிற டீசலோ குறையாது. கம்ப்யூட்டர் இல்லாத பம்ப்புக்குக் காற்று மெலிந்தது எப்படித் தெரியும்? சமவெளியில் 1,100 காட்டிய அதே அமைப்பு அந்த ஏற்றத்தில் 1,350-ஐத் தொட்டதை என் கண்ணால் பார்த்தேன். உடனே கியரைக் குறைத்து, காலைத் தளர்த்தினேன். ஆகவே மலை ஓட்டுகிறவர்கள் சமவெளியில் கிடைத்த அளவை நம்பி நிறுத்திக்கொள்ளக்கூடாது.

டர்போவையும் மாற்ற வேண்டுமா?

இந்த வண்டியோடு வந்த ஹோல்செட் எச்எக்ஸ்35 டர்போ சுமார் 35 பி.எஸ்.ஐ. வரை நன்றாக வேலை செய்யும். அதற்கு மேல் தள்ளினால் காற்றைவிடச் சூட்டைத்தான் அதிகம் தள்ளும். 300 குதிரைத்திறன் பக்கம் நிற்கப்போகிறீர்கள் என்றால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

கியர் பாக்ஸ் தாங்குமா?

ஆட்டோமேட்டிக் 47ஆர்இ என்றால் பம்ப்புக்கு முன்னால் அதற்குத்தான் காசு ஒதுக்க வேண்டும், டார்க் கன்வெர்ட்டரும் வால்வ் பாடியும் முதலில் கைவிடும். மேனுவல் என்வி4500 நல்ல இரும்பு, ஆனால் ஐந்தாவது கியரின் நட் தளர்ந்து ஒருநாள் அந்த கியரே இல்லாமல் போவது இதன் பழைய வியாதி. பழைய கிளட்ச் கூடுதல் இழுவையில் ஸ்லிப் ஆகும்.

கரும்புகை வந்தால்தானே நன்றாக ஏற்றியிருக்கிறது என்று அர்த்தம்?

இல்லவே இல்லை. கரும்புகை என்பது எரியாத டீசல், நீங்கள் காசு கொடுத்து வாங்கி ரோட்டில் ஊதுகிற டீசல். பின்னால் சைக்கிளில் வருகிறவர் அதை மூச்சில் வாங்குகிறார். நியூ ஜெர்சி 2015-லும் கொலராடோ 2017-லும் வேண்டுமென்றே புகை விடுவதைத் தடை செய்தன, கொலராடோவில் 100 டாலர் அபராதம். மிதித்த நொடியில் லேசான ஒரு மங்கல், பூஸ்ட் ஏறியதும் சுத்தம், இதுதான் நன்றாக அமைத்த பம்ப்.

சட்டத்தில் சிக்கல் வருமா?

அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டப்படி வண்டியோடு வந்த மாசுக் கட்டுப்பாட்டை முடக்குவது சட்டவிரோதம், வருஷம் எதுவானாலும். புது டீசல் பிக்கப்களில் புகைக்குழாய் வடிகட்டியைக் கழற்றுகிறவர்கள்மீது அந்நாட்டின் சுற்றுச்சூழல் முகமை கடும் நடவடிக்கை எடுத்திருக்கிறது. பத்து ஆண்டுகளில் ஐந்தரை லட்சத்துக்கு மேற்பட்ட பிக்கப்களில் அப்படிக் கழற்றியிருக்கிறார்கள் என்று 2020-ல் அது கணக்கிட்டது. 12 வால்வு வண்டியில் கழற்ற வடிகட்டி கிடையாது, ஆனால் உங்கள் மாநிலத்தில் புகைச் சோதனை உண்டா என்று பாருங்கள். கலிபோர்னியாவில் 1997-ம் அதற்கு முந்தியதுமான டீசல் வண்டிகளுக்கு ஸ்மாக் சோதனை இல்லை.

என்னுடையது 24 வால்வு அல்லது காமன் ரெயில். அதற்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தாது. 1998 நடுவிலிருந்து 2002 வரை விபி44 என்கிற எலெக்ட்ரானிக் ரோட்டரி பம்ப். லிஃப்ட் பம்ப் சோர்ந்து டீசல் அழுத்தம் குறைந்தால் அதுவும் சேர்ந்து போகும், ஆகவே அங்கே முதல் செலவு நல்ல லிஃப்ட் பம்ப். அதில் பி7100-ஐப் பொருத்துகிறவர்கள் முன்பக்க கியர் கேஸ், டீசல் லைன்கள் என்று நிறைய மாற்றுவார்கள். 2003-லிருந்து காமன் ரெயில், சிபி3 பம்ப். அங்கே பம்ப் வெறும் அழுத்தம்தான் தருகிறது, எப்போது எவ்வளவு என்பது கம்ப்யூட்டர் கையில்.

ஊரில் டாடா லாரியிலும் கம்மின்ஸ் இருக்கிறதே, அதில் செய்யலாமா?

1993-ல் தொடங்கிய டாடா கம்மின்ஸ் ஜாம்ஷெட்பூரில் இதே பி வரிசை எஞ்சினைத்தான் செய்தது, அதனால் நம் மெக்கானிக்குகளுக்கு இது புதிதல்ல. ஆனால் லாரியில் சக்தி கூட்டாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. அதைவிட, பிரேக்கும் கியர் பாக்ஸும் அந்த எடைக்கும் அந்த எஞ்சினுக்கும் சேர்த்துக் கணக்கிட்டவை. பழைய பம்ப்பைக் கேலிபரேஷன் செய்து தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுவாருங்கள், தொலைந்த இழுவை திரும்பக் கிடைக்கும், டீசலும் மிச்சமாகும்.

பம்ப்பைக் கழற்றித் திரும்ப மாட்டியபின் ஸ்டார்ட் ஆகவில்லை, என்ன செய்வது?

பெரும்பாலும் ஏர்தான். ஸ்டார்ட் செய்யும் முன் பம்ப்புக்குள் சுத்தமான எஞ்சின் ஆயில் ஊற்றினீர்களா என்று முதலில் பாருங்கள், காய்ந்த பம்ப்பைச் சுற்றினால் கேம் கீறும். அப்புறம் லிஃப்ட் பம்ப்பின் பட்டனை அமுக்கி அமுக்கி டீசலை நிரப்புங்கள். இன்ஜெக்டர் லைன் நட்டை ஒவ்வொன்றாகச் சற்றுத் தளர்த்தி, ஸ்டார்ட்டரைச் சுற்றி, நுரை நின்று டீசல் வந்ததும் இறுக்குங்கள். ஒழுக்கைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். அந்த அழுத்தத்தில் மெல்லிய பீச்சு தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வெளியே சின்னப் புள்ளி மாதிரித்தான் தெரியும், ஆனால் விரலையே எடுக்க நேரலாம். அட்டைத் துண்டு ஒன்றைப் பிடித்துப் பாருங்கள். தோலில் பட்டுவிட்டால் வலி இல்லாவிட்டாலும் அந்த நிமிஷமே மருத்துவமனைக்குப் போய், டீசல் அழுத்தத்தோடு ஏறியது என்று சொல்லுங்கள்.